பிரேக்கே இல்லாத பாய்மரப் படகு... நிறுத்துவது ஒரு கேபிள்தான்!

பாய்மரப் படகுன்னாலே காத்து, பாய், கடல்... இவ்வளவுதான் நம்ம ஞாபகத்துக்கு வரும். ஆனால், உள்ளேயே தங்கிப் பயணம் செய்கிற அளவுக்குப் பெரிய பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் ஒரு சின்ன டீசல் இன்ஜினும் இருக்கும். காற்று நின்றுபோனாலோ, நெருக்கமான படகுத்துறைக்குள் நுழைய வேண்டியிருந்தாலோ அதுதான் கைகொடுக்கும்.

இந்தப் படகுக்கு பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைத்து நிறுத்த, ரிவர்ஸ் கியர் போட வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் லீவரிலிருந்து இன்ஜினுக்கு இரண்டு கேபிள்கள் போகும். ஒன்று கியருக்கு, இன்னொன்று ஆக்ஸிலரேட்டருக்கு.

கியர் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? நீங்கள் லீவரைப் பின்னால் இழுப்பீர்கள். கியரோ முன்னோக்கியே நிற்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் மட்டும் வேலை செய்யும். நிற்க வேண்டிய படகு, இன்னும் வேகமா முன்னாடி பாயும்! அப்போது பதற்றத்தில் லீவரை மேலும் இழுக்காமல், நடுவுக்குக் கொண்டுவந்து இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

பைக் கேபிள் மாதிரியா?

கொஞ்சம் வித்தியாசம். பைக் கிளட்ச் கேபிள் இழுக்க மட்டும்தான். திரும்பி வர ஸ்பிரிங் இருக்கிறது. படகு கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால் உள்கம்பி விறைப்பாக இருக்கும்.

எப்போது மாற்றணும்?

* லீவர் முன்பைவிட இறுக்கமாக இருந்தால்
* லீவரை நகர்த்தியும் கியர் தாமதமாக விழுந்தால்
* மேலுறை விரிசல் விட்டிருந்தால்
* முனைகளில் துருக்கறை தெரிந்தால்

உப்புத் தண்ணீர் உள்ளே போய் கம்பி துருப்பிடிப்பதுதான் முக்கியக் காரணம். 'ஆயில் விட்டா சரியாயிடும்'னு நினைக்காதீங்க. இறுகிப்போன கேபிளை மாற்றுவதுதான் ஒரே தீர்வு.

இறுக்கம் எங்கே என்று கண்டுபிடிக்க, இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிளை கியர்பாக்ஸ் முனையில் கழற்றி லீவரை அசைத்துப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். அப்படியும் இறுக்கமாக இருந்தால், கேபிளிலோ லீவர் பெட்டியிலோ கோளாறு.

மாற்றுவது எப்படி?

1. கழற்றும் முன் இரண்டு முனைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளையில் எது மாட்டியிருந்தது என்பது பிறகு மறந்துபோகும்.

2. பழைய கேபிளின் ஒரு முனையில் மெல்லிய கயிற்றைக் கட்டிவிட்டு உருவுங்கள். கேபிள் வெளியே வரும்போது கயிறு அதன் பாதையில் தங்கிவிடும். புது கேபிளை அந்தக் கயிற்றில் கட்டி உள்ளே இழுக்கலாம்.

3. பழைய கேபிளை முனையிலிருந்து முனைவரை அளந்து, அதே நீளம், அதே ரகம் வாங்குங்கள். பரவலாகப் பயன்படும் 33சி ரகம் அடி கணக்கில் கிடைக்கும். இரண்டு கேபிளுக்கும் ஒரே வயசுன்னா, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

4. கூர்மையாக வளைக்க வேண்டாம். சாதாரண 33சி கேபிளுக்கு வளைவின் ஆரம் குறைந்தது 8 இன்ச் இருக்க வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாயில் கேபிள் உரசவும் கூடாது.

5. லீவரையும் கியர்பாக்ஸையும் நியூட்ரலில் வைத்துவிட்டு கியர் கேபிளை மாட்டுங்கள். முன்னும் பின்னும் கியர் முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். அரைகுறையாக விழுந்தால் கிளட்ச் வழுக்கித் தேய்ந்துபோகும். ஆக்ஸிலரேட்டர் கேபிளை மாட்டியதும், லீவர் நடுவில் இருக்கும்போது இன்ஜின் ஐடிலுக்குத் திரும்புகிறதா என்று சரிபாருங்கள்.

6. லாக் நட்டை இறுக்குங்கள். காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். 10 ரூபாய் பைக் பாகம் மாதிரி அற்பமாகத் தெரியும் அது கழன்றாலும், கேபிள் அறுந்த கதைதான்.

கடைசி டெஸ்ட்

உடனே கடலுக்குக் கிளம்பிடாதீங்க. படகைத் துறையில் இறுக்கிக் கட்டிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குறைந்த வேகத்தில் முன்னே, நியூட்ரல், பின்னே என்று சில தடவை மாற்றிப் பாருங்கள்.

துறைக்குள் நுழையும்போது நங்கூரத்தை எப்போதும் தயாராக வையுங்கள். புது கேபிளே போட்டிருந்தாலும், அதுதான் உங்கள் இரண்டாவது பிரேக்!