கற்பிப்போரைக் கற்பித்த ஊர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் தக்கலையைக் கடக்கும்போது, மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களை நினையாதிருத்தல் நமக்கு இயலாது. அப்பெரியார் தறி நெய்து தம் கையுழைப்பில் உண்டவர் என்பது வழிவழியாக வந்த செய்தி. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில் மார்த்தாண்டம் இருக்கிறது. தேனுக்குப் பெயர்பெற்ற ஊர் என்றே நம்மில் பலர் அதனை அறிவர். ஆயின் அவ்வூர் தேனினும் அரிய ஒன்றை நாட்டுக்கு அளித்தது. கற்பிப்போரை உருவாக்கும் கலையே அது.

அந்நாளில் இப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாளில்தான் அது கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கம் நகரத்தாருக்கே உரியதாய் இருந்த நிலையை மாற்றி, அதனைச் சிற்றூர்களின் பக்கம் திருப்பியவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். 1916-இல் அச்சங்கத்தின் தேசியப் பொதுச் செயலர் பொறுப்பேற்ற முதல் இந்தியரும் அவரே. அவர் வகுத்த வழியில், 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு நிலையத்தை வளர்த்தவர் அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹேட்ச்.

அந்நிலையம் பணம் வழங்கவில்லை. ஏழை தன் உழைப்பால் தானே எழ வேண்டும். அறிந்தவர் அருகிருந்து வழிகாட்ட வேண்டும் என்பதே அதன் கொள்கை. மிக வறியவனும் தன் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியதையே அது செய்து காட்டியது. நல்லினக் கோழி வளர்த்தல், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்றல், பனைவெல்லத்தைத் தூய்மையாகக் காய்ச்சுதல், தேனீ வளர்த்தல் ஆகியன அவற்றுட் சில.

தேனீயை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் உள்ள கூட்டைப் புகையிட்டு அழித்து, அடையைப் பிழிந்து தேன் எடுத்தனர். தேன் கிடைத்தது; குடி அழிந்தது. சட்டங்கள் பொருத்திய மரப்பெட்டி வந்தபின், அடையை வெளியே எடுத்துச் சுழற்றித் தேனைப் பிரித்துவிட்டு, மீண்டும் தேனீக்களிடமே அதனைக் கொடுக்க முடிந்தது. ரப்பர் மரம் தளிர்க்கையில் இலைக்காம்பில் கசியும் இனிப்பு நீரும் பெட்டியில் தேனாகச் சேர்ந்தது. திருமறையின் பதினாறாம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்பதை அறிந்த நமக்கு, அச்சிற்றுயிரிடம் மனிதன் நடந்துகொள்ளும் முறை மாறியது பெருஞ் செய்தியாகும்.

ஆனால் ஓர் ஊருக்குக் கற்பித்தால் போதுமா? நாட்டில் ஊர்களோ இலட்சக்கணக்கானவை. ஆகவேதான் ஹேட்ச் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஊழியர் வந்தனர். அவர்கள் சொற்பொழிவு கேட்டதோடு நில்லாமல், பெட்டியைத் திறந்து பார்த்தனர், கோழிக்கூடு கட்டினர், தாம் கற்றதைச் சிற்றூராரிடம் செய்து காட்டினர். தான் செய்யாததைப் பிறர்க்குக் கற்பிக்க இயலாது என்பதே அங்குக் கற்ற முதற்பாடம். பரோடா மன்னர் தம் நாட்டின் கிராமப்பணிக்கு ஹேட்சின் துணையை நாடினார். 1932-இல் அவர் எழுதிய ஆங்கில நூல் இம்முறையை உலகறியச் செய்தது.

1952 அக்டோபர் 2-இல் இந்திய அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, கிராம சேவகர்களைப் பயிற்றுவித்தது. எண்ணம் பெரிது. எனினும் மக்களின் சொந்த முயற்சியைத் திட்டம் தூண்டவில்லை என 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு கண்டது. கற்பிப்பவன் ஊரின் மனிதனாக இல்லாமல் அலுவலின் மனிதனாகிவிட்டால், கல்வி ஏட்டோடு நின்றுவிடுகிறது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1991-க்குப் பின் தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரசு நோய் தென்னகத்தில் பரவியது. பெரும்பாலான குடும்பங்கள் அழிந்தன; பெட்டிகள் வெறுமையாயின. ஆயினும் தொழில் மடியவில்லை. எஞ்சிய குடும்பங்களைப் பெருக்கும் அறிவு குமரி மாவட்டத்தாரின் கைகளில் இருந்தது. பெட்டியைக் கொடையாக மட்டும் பெற்றிருந்தால், அதனோடு யாவும் முடிந்திருக்கும்.

நமக்கு இது புதிய பாடமன்று. தம்மிடம் யாசித்து வந்த அன்சாரித் தோழருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் செய்ததை எண்ணிப் பார்ப்போம். அவர் வீட்டுப் பொருளையே ஏலமிட்டு, கிடைத்த இரு திர்ஹத்தில் ஒன்றால் கோடரி வாங்கச் செய்து, தம் திருக்கரத்தால் அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். பத்ருப் போரின் கைதிகளுள் எழுதத் தெரிந்தோர்க்கு, மதீனத்துச் சிறார் பதின்மருக்கு எழுத்தறிவிப்பதே மீட்புத் தொகையாயிற்று. கற்பிப்பவனுக்கு அவ்வளவு விலை இருந்தது!

இன்று நம் ஜமாஅத்துகள் ஜகாத் நிதியில் தையல் எந்திரம் வழங்குகின்றன. நல்ல செயல்தான். ஆனால் வெட்டுக்கணக்குச் சொல்லித்தரவும், பழுது பார்க்கக் காட்டவும் அத்தெருவில் ஒரு சகோதரி இல்லையேல், ஆண்டு திரும்புமுன் அது மூலையில் துரு ஏறிக் கிடக்கிறது. பத்து எந்திரம் கொடுப்பதற்குமுன் ஒருவரைக் கற்பிப்பவராக்குவோம். அவர் பதின்மரை ஆக்குவார். கோடரியோடு காம்பு பொருத்தும் கையும் வேண்டும் அல்லவா? அக்கைகள் நம் மஹல்லாதோறும் பெருக வல்ல இறைவன் அருள்வானாக!