நம் எழுத்து எந்தப் பெட்டியில்? – திறமூல மென்பொருளைத் தமிழர் தெரிவு செய்த வரலாறு



அண்மையில் கிள்ளானில் நடந்த ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். பள்ளிக்கென இணையத்தில் ஒரு பொது இடம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆசிரியர்கள் உருவாக்கும் பயிற்றிகள், மாணவர் கட்டுரைகள், பழைய ஆண்டு மலர்கள் ஆகியவற்றை அங்கே சேர்த்து வைக்கலாம்; பெற்றோரும் வந்து கருத்துரைக்கலாம். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால், எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்ற வினாவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. “இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வோம்” என்றார் ஒரு பெற்றோர். “விலை கொடுத்து வாங்கினால்தான் பாதுகாப்பு” என்றார் மற்றொருவர்.

இருவரும் விலையைப் பற்றியே பேசினர். எனக்கோ வீட்டு அலமாரியில் இன்றும் கிடக்கும் நான்கு நெகிழ்வட்டுகள் நினைவுக்கு வந்தன.

1990களின் இறுதியில் ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்காக மாணவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தோம். பக்கங்கள் போதாமையால் பல கட்டுரைகள் அச்சேறவில்லை. அடுத்த மலரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நெகிழ்வட்டில் சேமித்து வைத்தோம். சில ஆண்டுகள் கழித்துப் புதிய கணினியில் திறந்தபோது கோப்பு திறந்தது, தமிழ்தான் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குப்பை மட்டுமே திரையில் தெரிந்தது. அந்த எழுத்துருவை விற்றவர் தொழிலையே விட்டுவிட்டிருந்தார். அச்சான கட்டுரைகளைத் தாளிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்ய முடிந்தது. அச்சேறாத குழந்தைகளின் எழுத்து போனது போனதுதான்.

இந்த இழப்பு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஒரு தலைமுறைத் தமிழர் அனைவரும் சந்தித்த சிக்கல் இது. அதிலிருந்து அவர்கள் மீண்டு வந்த கதையை அறிந்துகொண்டால் கிள்ளான் கூட்டத்தில் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்கும்.

எழுத்துருவுக்குள் சிறைப்பட்ட எழுத்து

கணினிக்கு ‘அ’வும் தெரியாது, ‘ஆ’வும் தெரியாது. அது அறிந்தவை எண்கள் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வகுத்துக்கொள்ளும் அட்டவணையைக் குறியேற்றம் என்கிறோம். அக்காலத்தில் பரவலாக வழங்கிய 8 பிட் முறையில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. நம் 247 எழுத்துகளை எஞ்சிய இடத்தில் அப்படியே அடக்க இயலாது. எனவே, கொம்பு, கால், கொக்கி எனத் துண்டுகளாகப் பிரித்து அடுக்கினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தினார்கள்.

ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கியதுதான் சிக்கலுக்கு வித்திட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தைக் கிள்ளானில் வேறோர் எழுத்துரு வைத்திருந்தவர் படிக்க முடியாது. எழுத்துரு ஒரு பூட்டாகவே இருந்தது.

இத்தனைக்கும், தமிழ்க் கணிமைக்கு அடிப்படை அமைத்தவர்களுள் நம் மலேசியத் தமிழர் முன்வரிசையில் நின்றார்கள். முத்து நெடுமாறன் அவர்கள் ‘முரசு’ மென்பொருளை 1985ஆம் ஆண்டிலேயே தொடங்கினார். சிங்கையில் நா. கோவிந்தசாமி அவர்கள் ‘கணியன்’ முறையை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் ‘மயிலை’ எழுத்துருவைக் கட்டணமின்றி வழங்கினார். ஒவ்வொன்றும் அரிய உழைப்பு. ஆனாலும், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தெரியாத நிலை நீடித்தது.

பொது அட்டவணையைத் தேடி

1997ஆம் ஆண்டு சிங்கையில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் முதல் தமிழிணைய மாநாடு நடந்தது. அதே காலக்கட்டத்தில் மலேசியா, சிங்கப்பூர், தமிழகம், இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா எனப் பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி ஒரு பொது அட்டவணையை வகுத்தார்கள். ‘திஸ்கி’ என்று வழங்கப்பட்ட குறியேற்றம் அதுவே. அது எந்த நிறுவனத்தின் சொத்தும் அன்று. அதன் அட்டவணை எல்லார்க்கும் வெளியிடப்பட்டது. யாரும் அதன்படி எழுத்துரு செய்யலாம். யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ்99’ விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. ஆக, பொதுத் தரமே ஒன்றுக்கு மேற்பட்டு நின்றது! 2000ஆம் ஆண்டு சிங்கை மாநாட்டில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அதற்கடுத்த மாநாட்டை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏற்று நடத்தியது நம் கோலாலம்பூர் மாநகரம். 2013ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை இங்கேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் உத்தமத்தின் மாநாடு நடந்தது.

இதற்கிடையே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் பிற்கால நூல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். அந்நூல்களைத் திஸ்கியில் சேமித்தார்கள். அப்பொழுது அது சிறிய முடிவாகத் தோன்றியிருக்கலாம். அதன் பயன் சில ஆண்டுகளில் விளங்கியது.

ஒருங்குறி வந்தபோது

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையாக யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டு வெளியானபோதே அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரத்தைப் பின்பற்றி நமக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கீடு போதுமா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் ‘லதா’ எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் ஒருங்குறியை முறைப்படி ஏற்றது.

இனிப் பழைய கோப்புகளின் நிலையைப் பாருங்கள். திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு ‘க’ என்று பதிவாகும். ஒருங்குறியிலோ முதலில் ‘க’, பிறகு கொம்பு. வரிசை மாறுகிறது, எண்களும் மாறுகின்றன. ஆயினும், திஸ்கியின் அட்டவணை எல்லார் கையிலும் இருந்தது. ஆகையால் மாற்றிகளை எழுத எவருக்கும் தடையில்லை. மதுரைத் திட்டத்தின் நூல்கள் ஒருங்குறிக்குக் குடிபெயர்ந்தன. இன்று நம் மாணவர் கைப்பேசியில் படிக்கும் பழந்தமிழ் நூல்களுள் பல அவ்வாறு வந்தவைதாம்.

என் நெகிழ்வட்டுக் கட்டுரைகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவற்றின் அட்டவணை ஒருவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. மதுரைத் திட்ட நூல்கள் பிழைத்ததற்கும் அவை அழிந்ததற்கும் விலை காரணமன்று. பூட்டின் திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதே காரணம்.

இலவசம் வேறு, திறமூலம் வேறு

இங்கே மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘இலவசம்’ என்றால் காசு வேண்டாம் என்பது மட்டுமே. ‘திறந்த தரம்’ என்றால் சேமிக்கும் முறை எல்லார்க்கும் தெரியும் என்பது. ‘திறமூலம்’ என்றால் அந்த மென்பொருளை ஆக்கிய மூலநிரலையே பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது.

ரிச்சர்டு சுடால்மன் 1983ஆம் ஆண்டு ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1989ஆம் ஆண்டு அதன் பொது உரிமம் வெளிவந்தது. 1991ஆம் ஆண்டு லினசு டோர்வால்ட்சு லினக்ஸைத் தொடங்கினார். ‘திறமூலம்’ என நாம் வழங்கும் சொல்லின் ஆங்கில மூலம் 1998ஆம் ஆண்டில் பிறந்தது.

முரசு அஞ்சல் திறமூல மென்பொருள் அன்று. ஆயினும், திறந்த தரங்களைப் பின்பற்றியமையால் அதில் எழுதியவை ஓரிடத்தில் சிறைப்படவில்லை. ‘தமிழா’ குழுவினரின் ‘எ-கலப்பை’ முதலில் ‘கீமேன்’ என்னும் நிறுவன மென்பொருளைச் சார்ந்திருந்தது. பின்னர் அதைச் சாராத திறமூலப் பதிப்பு வந்தது. 2015ஆம் ஆண்டு கீமேனை எஸ்ஐஎல் நிறுவனம் பெற்று, பிற்பாடு அதையும் திறமூலமாக்கியது. பூட்டிய கதவுகளும் சில வேளை திறக்கும். ஆனால், அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

பலர் கூடி உழைக்கும் பொது இடங்களைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ‘மீடியாவிக்கி’ என்னும் திறமூல மென்பொருளில் இயங்குகிறது. 2017ஆம் ஆண்டில் அது ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அதன் உள்ளடக்கம் முழுவதையும் எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஈழத்து நூல்களை ஆவணப்படுத்த 2005ஆம் ஆண்டு எழுந்த ‘நூலகம்’ திட்டமும் மீடியாவிக்கியையே பயன்படுத்தியது. கலைக்களஞ்சியத்திற்காக எழுதப்பட்ட ஒரு மென்பொருள் நூலகத்திற்கும் உதவுகிறது என்றால், மூலநிரல் திறந்திருப்பதே அதற்கு வழிவகுத்தது. ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ‘மூடுல்’. ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டோகியாமசு உருவாக்கி, 2002ஆம் ஆண்டு முதற்பதிப்பாக வெளியிட்ட கற்றல் மென்பொருள் அது.

நம் நாட்டில் நடந்தது

மலேசிய அரசு 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை ‘மாம்பு’ வழியாக அறிவித்தது. 

பள்ளிகள் சென்ற வழியோ வேறு. 2011ஆம் ஆண்டு இறுதியில் ‘1பெஸ்தாரிநெட்’ ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்வழி நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு ‘ஃபுரோக்’ மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கும். 2019ஆம் ஆண்டு நடுவில் அச்சேவை முடிவுக்கு வந்து, பள்ளிகள் ‘கூகுள் வகுப்பறை’க்கு மாறின. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘டெலிமா’ தளம் தொடங்கப்பட்டது. அதுவும் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய நிறுவனங்களின் சேவைகளைச் சார்ந்தே அமைந்தது.

யார் மீதும் குறை கூற இதைச் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்றால் அதற்கு முடிவு நாள் உண்டு, அது இயல்பு. நாம் உருவாக்கிய பாடப்பொருளுக்கும் அதே முடிவு நாள் வந்துவிடக்கூடாது என்பதே என் கவலை. இலவச சேவைகளும் இதற்கு விலக்கல்ல. தனியாள் பக்கங்கள் பலவற்றைத் தாங்கிய ‘ஜியோசிட்டீஸ்’ 2009ஆம் ஆண்டு மூடப்பட்டது. யாகூ குழுமங்களில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த உரையாடல்கள் 2019ஆம் ஆண்டு இறுதியில் நீக்கப்பட்டன. இன்று நம் ஆசிரியர்கள் புலனக் குழுக்களில் அன்றாடம் பகிரும் பயிற்றிகளை எண்ணிப் பாருங்கள். கைப்பேசி மாறினால் அவற்றுள் எத்தனை எஞ்சும்?

திறமூலம் மந்திரக்கோல் அன்று

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். திறமூல மென்பொருளை நிறுவிவிட்டு மறந்துவிட்டால் அது பாழடைந்த வீடாகும். அவ்வப்போது இற்றைப்படுத்தாவிட்டால் திருடரும் எரிதங்களும் உள்ளே நுழையும். வழங்கிக்கும் தளப் பெயருக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நிறுவிய ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடக்கூடும். திஸ்கியும் மதுரைத் திட்டமும் நின்று நிலைத்ததற்குக் காரணம் திறப்பு மட்டுமன்று. ஓய்வு நேரத்தைக் கொடுத்துப் பேணிய மனிதர்களும் காரணம்.

ஆதலால், கிள்ளான் கூட்டத்தில் நான் நான்கு வினாக்களை முன்வைத்தேன்.

1. நாம் சேர்த்த அனைத்தையும் ஒரே நாளில் வெளியே எடுக்க முடியுமா?

2. எடுத்ததை வேறொரு மென்பொருள் படிக்குமா? தமிழ், ஒருங்குறியில்தான் சேமிக்கப்படுகிறதா?

3. உருவாக்கியவர் கைவிட்டால், மற்றொருவர் எடுத்து நடத்த உரிமம் இடம் தருகிறதா?

4. நம்மில் யார் பேணுவார்? அவருக்குப் பின் யார்?

முதல் மூன்று வினாக்களுக்கும் திறமூல மென்பொருள் பெரும்பாலும் ‘ஆம்’ என்று விடை தரும். நான்காம் வினாவுக்கு எந்த மென்பொருளும் விடை தராது. அதற்கு நாமே விடையாக வேண்டும். கூட்டத்தில் சற்று நேரம் அமைதி நிலவியது. பிறகு, இலவசம் கேட்ட பெற்றோரும் விலை கேட்ட பெற்றோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இருவருமே பொறுப்பேற்பதாகக் கூறினர். ஒருவர் கணினித் துறையில் பணியாற்றுபவர், மற்றவர் கணக்காளர். திறமூல மென்பொருளொன்றைச் சிறிய அளவில் நிறுவிப் பார்ப்பதென்றும், தவணைக்கு ஒருமுறை முழுப் படியெடுத்துப் பள்ளி அலுவலகத்தில் வைப்பதென்றும் முடிவானது.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதிய பத்து வரிக் கட்டுரை அங்கே முதலாவதாக ஏறப்போகிறது. அவள் ஆசிரியராகித் திரும்பி வரும் நாளில் அக்கட்டுரை அவள் கண்முன் தமிழாகவே திறக்க வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் பழைய நெகிழ்வட்டுகள், குறுவட்டுகள் இருந்தால் இந்த விடுமுறையிலேயே திறந்து பாருங்கள். எந்த எழுத்துருவில் உள்ளன என்று குறித்து வையுங்கள். மாற்ற இயன்றவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். இன்று மீட்பவை மீட்டவையாகும்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்