புள்ளடி போட்ட ஆசிரியர்கள்

கைத்தொழிற் புரட்சியைப் படிப்பிக்கும்போது ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் என்று பிள்ளைகளை மனனம் செய்ய வைத்து விடுகிறோம். அந்த இயந்திரங்களுக்கு அடியில் ஊர்ந்து திரிந்த பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

இங்கிலாந்தின் நூற்பாலைகளில் ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். ஓடுகின்ற இயந்திரத்துக்குக் கீழே புகுந்து பஞ்சைப் பொறுக்குவது, அறுந்த நூலை இணைப்பது எல்லாம் அவர்களுடைய வேலை.

லீட்ஸ் நகரைச் சேர்ந்த எலிசபெத் பென்ட்லி, 1832இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். வேலைக்குப் போனபோது அவருக்கு ஆறு வயது. வேலை கூடிய நாட்களில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை நிற்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு 40 நிமிடம். கை தளர்ந்தால் தோல் வாரால் அடி. சாட்சி சொல்லும்போது அவருக்கு 23 வயது. உடம்பு கோணிப் போயிருந்தது.

அதற்கு முன் சட்டம் இல்லாமல் இல்லை. 1802இலும் 1819இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் ஆலைக்குள் போய்ப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு பரிசோதகர்கூட நியமிக்கப்படவில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம்தான் நான்கு பரிசோதகர்களை நியமித்தது. பட்டு ஆலைகள் தவிர்ந்த ஏனைய ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுப்பதைத் தடுத்தது. 9 முதல் 13 வயது வரையானவர்களுக்கு ஒரு நாளைக்கு 9 மணித்தியால வேலையும் 2 மணித்தியாலப் படிப்பும் என்றது. பிள்ளை பாடசாலைக்கு வந்ததற்கு ஆசிரியரின் சான்றிதழ் வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தச் சான்றிதழ்கள் சிலவற்றில் கையெழுத்துக்குப் பதிலாகப் புள்ளடி இருந்ததைப் பரிசோதகர் லெனார்ட் ஹோர்னர் அறிக்கையிட்டார். எழுதத் தெரியாதவர்களே "ஆசிரியர்களாக" இருந்தார்கள்! கடதாசியில் பிள்ளை படித்தது. உண்மையில் ஒன்றும் படிக்கவில்லை. ஆசிரியர் தன் கைப்படவே நிரப்பி ஒப்பமிட வேண்டும் என்று 1844இல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது.

சட்டம் பாராளுமன்றத்தில் பிறந்தாலும், கடைசியில் அது ஒரு ஆசிரியரின் பேனையில்தான் தங்கியிருந்தது. நம் வகுப்பு இடாப்பும் அப்படித்தான். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால், இடாப்பில் குறித்துவிட்டு இருந்து விடாமல் வீடு தேடிப் போவோம். பெற்றோரே, கடை வைத்திருப்போரே, பாடசாலை நேரத்தில் எங்காவது ஒரு பிள்ளை வேலைக்கு நிற்பதைக் கண்டால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.