நடுகல் வழிபாடும் நன்றியறிதலும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதன்கண் அவன் பெயரும் பீடும் பொறித்து, நாளும் வழிபட்டு வருதல் பண்டைத் தமிழர்தம் வழக்காகும். இவ்வழக்குத் தொல்காப்பியத்தில் இலக்கணமாகவும், சங்கச் செய்யுட்களில் இலக்கியமாகவும், கல்வெட்டுகளில் வரலாறாகவும் காணக்கிடக்கின்றது. ஒரு பொருள் இம்மூவகைச் சான்றினையும் ஒருங்கே பெறுதல் அரிது. எனினும் இவ்வழிபாட்டின் அடிப்படை யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறந்தோர் ஆவிக்கு அஞ்சிய அச்சமே இதன் தோற்றுவாய் என்பார் சிலர். செய்ந்நன்றி மறவாமையே இதன் உயிர்நாடி என்பார் வேறு சிலர். இவற்றுள் எது பொருந்தும் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகற்குரிய துறைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேடிக் காண்டலும், அதனைக் கொள்ளத் தொடங்குதலும், நீராட்டுதலும், நாட்டுதலும், சிறப்புச் செய்தலும், வாழ்த்துதலும் முறையே நிகழ்வன. இவ்வாறனுள் ஒன்றேனும் தனியொருவன் மறைவில் செய்து முடிப்பதன்று. ஊரார் பலர் கூடிப் பல நாள் முயன்றாலன்றி இவை நிறைவேறா. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை எனக் காதைகள் பெயர்பெற்றமையும் இம்மரபு பற்றியதே. மறவர்க்குரிய சடங்கினை இளங்கோவடிகள் கற்புடைப் பெண்ணொருத்திக்கு உரியதாக்கிக் காட்டினார். அம்மரபு நாடறிந்ததாய் இருந்தமையானன்றோ அவ்வாறு ஆளல் இயன்றது?

இனி, இலக்கியம் காட்டும் நிலையைக் காண்போம். நடுகல் நின்ற ஊர்கள் வளமிக்க பேரூர்கள் அல்ல. பெரும்பாலும் வன்புலத்துச் சீறூர்கள். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுள் (335) அந்நிலத்தின் உணவாக வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கினையே சுட்டுகின்றது. பகைவர் முன்னின்று தடுத்து, யானையைக் கொன்று வீழ்ந்தவனுடைய கல்லையன்றி, நெல் தூவி வழிபடும் கடவுள் பிறிதில்லை என்பது அப்பாட்டின் துணிபு. உண்ணக் கிடைப்பது வரகும் தினையும். கல்லின் முன் தூவத் தக்கதெனக் கருதப்பட்டதோ நெல். அரிய பொருளை வீழ்ந்தோனுக்கு உரியதாக எண்ணிய அவ்வெண்ணம் ஈண்டுக் கருதத்தக்கது.

அள்ளூர் நன்முல்லையார் பாடிய செய்யுள் (306) இதனினும் நுட்பமானது. யானைகள் புகுந்து கலக்கியதால் உண்ணுநீர் அரிதாகிய கூவலையுடைய சிற்றூரில் வாழும் பெண்ணொருத்தி, நாள்தோறும் நடுகல்லைக் கைதொழுகின்றாள். அவள் வேண்டுவது யாது? தனக்கு விருந்தினர் வாய்க்கவேண்டும் என்பதும், தன் தலைவனுக்கு வேந்தனொடு பொரும் சிறந்த பகை வாய்க்கவேண்டும் என்பதுமே. நீருக்கே தட்டுப்பாடுள்ள ஊரில் விருந்தினரை வேண்டுகின்றாள். போரால் அலைப்புண்ட ஊரில் மறத்தை வேண்டுகின்றாள். துன்பம் நீங்குக என்று அஞ்சிக் கேட்டலன்று இது. வீழ்ந்தோன் காத்த வாழ்வினைத் தானும் தளராது நடத்துதற்கு வலிமை வேண்டுதலாகும். இளவேட்டனார் பாடிய செய்யுளும் (329), சில குடிகளே வாழும் சீறூரில் நடுகல்லுக்கு நாட்பலி ஊட்டி, நன்னீராட்டி, நெய்விளக்கேற்றிய புகை தெருவெல்லாம் மணப்பதைக் கூறும். அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில் (232), அவன் கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் உகுத்தலைக் கண்டு, நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இச்சிறிதினைக் கொள்வானோ என வருந்தும் உள்ளம் புலனாகின்றது. இங்குள்ளது அச்சமன்று, அன்பும் இழப்பும் நன்றியுமே.

இலக்கியம் கூறுவன புனைந்துரை எனக் கருதுவார்க்குக் கல்வெட்டுகள் விடை தருகின்றன. 2006-ஆம் ஆண்டு தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். தொல்காப்பியம் வெட்சித்திணைக்குரியதாகக் கூறும் 'ஆகோள்' என்னும் சொல்லே அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துடைய நடுகல்லை யானையின் சருச்சரை பொருந்திய கைக்கு உவமையாக்கிய ஐங்குறுநூற்றுப் புலவர் (352) தாம் கண்டதனையே கூறினார் என்பது இதனால் உறுதியாகின்றது.

பல்லவர் காலத்துச் சான்றுகள் செங்கம் வட்டாரத்தில் மிகுதி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பு இவற்றை அறிஞர்க்கு அளித்தது. வட்டெழுத்தில் அமைந்த இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே முறையின. ஆளும் மன்னனின் ஆட்சியாண்டு முதலில் வரும். வீரன் இன்னாரின் சேவகன் அல்லது மகன் என்பது அடுத்து வரும். 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது போன்ற தொடர் இறுதியில் வரும். தொறு என்பது ஆநிரை. பட்டான் என்பது இறந்தான் என்னும் பொருட்டு. மன்னன் பெயர் இங்குக் காலத்தைக் குறித்தற்கே பயன்படுகின்றது. கல்லோ ஊர்காத்த எளியோனுக்கு உரியது. அரசர் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத எத்தனையோ பெயர்கள் இக்கற்களாலன்றோ நம்மை வந்தடைந்துள்ளன!

எடுத்தனூர்க் கல் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தன் எருமைகளைக் காக்கப் பொருது பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்தது அது. அவனருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சமே நடுகல் வழிபாட்டின் வேர் எனின், நாயின் பெயரைப் பொறிக்கவேண்டிய இன்றியமையாமை யாது? உற்றுழி உதவியது விலங்கேயாயினும் அதன் பெயர் மறையலாகாது என்னும் நன்றியுணர்வே அவ்வூராரின் உளியை இயக்கியது எனல் தகும்.

நன்றி கல்லோடு நின்றுவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. வீழ்ந்தோர் குடும்பத்தார்க்கு நிலம் வழங்கும் வழக்கம் இருந்தது. அந்நிலம் 'நெத்தோர்ப்பட்டி' என்றும் 'உதிரப்பட்டி' என்றும் வழங்கப்பெற்றது. நெய்த்தோர் என்பதும் உதிரம் என்பதும் குருதியைக் குறிக்கும் சொற்கள். குருதிக்கு ஈடாக நிலம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. உயிர்க்கு ஈடு ஏது? கணவனையோ தந்தையையோ இழந்த குடி பசியால் அழியாதவாறு காத்தல் ஊரின் கடன் என்னும் அறமே அப்பெயரில் அடங்கியுள்ளது. தெய்வமாகத் தொழுதலும், எஞ்சியோரை ஓம்புதலும் ஒரே கடமையின் இரு கூறுகளாகக் கருதப்பட்டன.

அச்சம் சிறிதும் கலவாத வழிபாடு இது எனக் கூறுதல் மிகையாகலாம். இறந்தோர் பற்றிய அச்சம் எல்லா மக்களிடத்தும் ஓரளவு உள்ளதே. ஆயினும் அச்சத்தால் மட்டும் பெயரும் செயலும் எழுதுதலும், வழித்தோன்றலைக் காத்தலும், நாள்தோறும் கைதொழுதலும் விளக்கம் பெறா. நன்றியால் அவை யாவும் விளக்கம் பெறும்.

தருமபுரி, கிருட்டினகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்பெறுகின்றன. கொங்குநாட்டில் வேங்கையொடு பொருது பட்டோர் புலிகுத்திக் கல்லில் நிற்கின்றனர். வழிபடுவோர் பலர் கல்லில் நிற்போன் யாவன் என்பதை அறியார். பெயர் மறைந்தும் பற்று மறையவில்லை. எழுத்து மாய்ந்த நடுகல்லை வழிப்போவோர் வேறாகப் பொருள்கொள்ளும் நிலையை அகநானூற்றுப் புலவரே குறித்துள்ளார். அன்றே தொடங்கிய அவ்வழிவு இன்று விரைந்து நிகழ்கின்றது. துணி துவைக்கும் கல்லாகவும், படிக்கல்லாகவும் ஆகிவிட்ட நடுகற்களும் உள. கல்லைக் காணும் காட்சியைத் தொல்காப்பியர் முதற்றுறையாக வைத்தார். மண்ணில் புதைந்தும் புதரில் மறைந்தும் கிடக்கும் கற்களைத் தேடிக் கண்டு, படியெடுத்துப் படித்து, அவற்றின் பெயர்களை மீட்டுத் தருதல் இக்காலத்து ஆய்வாளர்க்குரிய காட்சித்துறையாகும். ஆநிரை மீட்டுப் பட்டோர்க்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு அவர்தம் பெயரை மீட்டலேயாம்.