விஸ்கியும் பனியனும், கொஞ்சம் பழைய ஒயினும்

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அன்னிக்கு ராத்திரியே திருப்பூர்ல இருந்து மச்சான் போன். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின் வெச்சு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யறவர்.

"ஏன் மாப்ளை, ஸ்காட்ச் விஸ்கிக்கு இங்க வரியக் கொறைக்கறாங்க, நம்ம பனியனுக்கு அங்க வரியே இல்லீங்கறாங்க. அவன் சரக்குக்கும் நம்ம பனியனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். விஸ்கிக்கு இருந்த 150% வரி முதல்ல 75 ஆகும், பத்து வருஷத்துல 40 ஆகும். பதிலுக்கு நம்ம ஆயத்த ஆடைகளுக்கு அவங்க போடற 12% வரைக்குமான வரி போயிடும். மச்சானுக்கு சந்தோஷம்தான். ஆனா வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டார். "எல்லாஞ் சரிங்க மாப்ளை. இதுல யாருக்காச்சும் அடி விழுகணுமே, அது யாருங்க?"

நமக்குத்தான் எந்தக் கேள்விக்கும் பழைய காலத்துல போய்ப் பதில் தேடற வியாதி உண்டே. தேடினா, இதே மாதிரி சரக்குக்குத் துணி மாத்தின கதை 165 வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கு. 1860 ஜனவரி 23, பாரிஸ். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த காப்டன் - செவாலியே ஒப்பந்தம். (செவாலியேன்னதும் நடிகர் திலகம் ஞாபகம் வரும். அவருக்கு அது பட்டம், இவருக்குப் பேரே அதுதான்.)

அன்றைய நிலைமையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். இரண்டு நாட்டுக்கும் எந்த நேரத்திலும் போர் மூளலாம் என்று இங்கிலாந்தில் பயம். 1858-ல் மூன்றாம் நெப்போலியன் மேல் ஓர்சினி என்ற இத்தாலியர் குண்டு வீசினார். குண்டு செய்யப்பட்டது இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில். பிரான்ஸ் கொதித்தது. 1859-ல் நெப்போலியன் ஆஸ்திரியாவை இத்தாலியில் வைத்து அடித்தார், அடுத்து நாம்தானோ என்று இங்கிலாந்து நடுங்கியது. குமாஸ்தாவும் கடைக்காரரும் தொண்டர் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். அந்த நவம்பரில் பிரான்ஸ் இரும்புக் கவசம் போட்ட 'லா குளோயர்' போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. மரக்கப்பலை நம்பி இருந்த இங்கிலாந்துக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் ரிச்சர்ட் காப்டன் பாரிஸில் உட்கார்ந்து வரிக்கணக்கு பேசிக்கொண்டிருந்தார். மான்செஸ்டர் துணி வியாபாரி. தானிய இறக்குமதிச் சட்டத்தை 1846-ல் ஒழித்துக்கட்டிய இயக்கத்தின் தலைவர். போர் என்றாலே ஆகாது. கிரிமியப் போரை எதிர்த்துப் பேசி, 1857 தேர்தலில் தோற்றவர். எதிர்ப்பக்கம் மிஷல் செவாலியே. பொருளாதாரப் பேராசிரியர், இளவயதில் சான் சிமோன் கோஷ்டியில் இருந்து ஜெயிலுக்குப் போன ஆசாமி. ஆயுதத்துக்குச் செலவழிப்பதை விட பிரான்ஸிடம் வியாபாரம் பேசலாமே என்று காப்டனின் நண்பர் ஜான் பிரைட் பாராளுமன்றத்தில் பேசியதைப் படித்துவிட்டு, செவாலியேதான் காப்டனுக்கு முதலில் கடிதம் போட்டார்.

காப்டன் போனபோது அவர் கையில் எந்த அரசாங்கப் பதவியும் இல்லை. நிதி அமைச்சர் கிளாட்ஸ்டனின் ஆசீர்வாதம் மட்டும்தான். 1859 அக்டோபரில் சக்கரவர்த்தியை நேரில் பார்த்தார். பேச்சுவார்த்தை எல்லாம் ரகசியம். காரணம், பிரெஞ்சு ஆலை முதலாளிகளுக்குத் தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவார்கள். சட்டசபைக்குக் கொண்டுபோனால் அங்கேயே செத்துவிடும். நல்லவேளை(?) 1852-ல் செய்த திருத்தப்படி, சபையைக் கேட்காமல் சக்கரவர்த்தியே வர்த்தக ஒப்பந்தம் போடலாம். சுதந்திர வர்த்தகம் பிரான்ஸுக்குள் நுழைந்தது சர்வாதிகாரத்தின் கொல்லைப்புறம் வழியாக. விஷயம் வெளியே வந்ததும் முதலாளிகள் இதை 'சுங்கப் புரட்சி'ன்னு திட்டினாங்க. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லைன்னு என்னால சொல்ல முடியலை.

என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள்? பிரெஞ்சுப் பொருட்கள் பெரும்பாலானவற்றின் மேல் இருந்த வரியை இங்கிலாந்து எடுத்தது, ஒயின் வரியைப் பெரிய அளவில் குறைத்தது. பிரான்ஸ் அதுவரை அடியோடு தடை செய்திருந்த ஆங்கிலத் துணிகளை உள்ளே விட்டது. வரி 30 சதவீதத்துக்கு மேல் போகாது, 1864-லிருந்து 25-க்கு மேல் போகாது என்று வாக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசி முடிக்க 1860 நவம்பர் ஆகிவிட்டது. அதற்கு நடுவே ஜூலையில் பிரதமர் பாமர்ஸ்டன், பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்து கடற்கரைக் கோட்டைகள் கட்ட 90 லட்சம் பவுண்ட் கேட்டு சபைக்குப் போனார். ஒரு கையில் ஒப்பந்தம், மறு கையில் கோட்டை. காப்டன் நொந்துபோனார். பிறகு அதே பாமர்ஸ்டன் பட்டம் தர்றேன்னு கூப்பிட்டப்போ, வேண்டாம்னுட்டார்.

பலன் இருந்ததா? இருந்தது. பத்து ஆண்டுகளில் பிரான்ஸுக்குப் போன ஆங்கிலச் சரக்கின் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல். இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சு ஒயினும் அப்படியே. மளிகைக்கடையிலேயே ஒயின் விற்க லைசென்ஸ் கொடுத்தார் கிளாட்ஸ்டன், மலிவு ஒயினுக்கு அவர் பேரே விழுந்தது. அதைவிடப் பெரிய பலன், அந்தப் போர் வரவே இல்லை. ஒப்பந்தம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா 1860 மார்ச்சில் பிரான்ஸ் சவாய், நீஸ் இரண்டையும் வளைத்துப் போட்டபோது இங்கிலாந்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு, அப்போதுதான் போட்ட ஒப்பந்தமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் ஒரு சின்ன ஷரத்து இருந்தது. இன்னொரு நாட்டுக்கு என்ன சலுகை கொடுத்தாலும் அது உனக்கும் தானாக உண்டு என்பது அது. பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று பிரான்ஸ் வரிசையாக ஒப்பந்தம் போடப் போட, ஒரு இடத்தில் குறைந்த வரி எல்லா இடத்திலும் குறைந்தது. இன்றைய உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதியும் இதுதான்.

இதை யார் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் தெரியுமா? பிரஷ்யா. 1862-ல் பிரான்ஸோடு குறைந்த வரி ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஜெர்மன் சுங்கக் கூட்டணியில் இருக்கணும்னா இதுக்கு ஒத்துக்கணும்னு மற்ற ஜெர்மன் அரசுகளிடம் சொன்னது. ஆஸ்திரியாவால் அந்த வரிக்கு இறங்க முடியாது, அதன் தொழில்கள் தாங்காது. அதனால் ஆஸ்திரியா வெளியே. நான்கே வருடத்தில், 1866-ல், போர்க்களத்திலும் வெளியே. சமாதானத்துக்காக காப்டன் திறந்த கதவு வழியாக பிரஷ்யா நடந்து போய் 1870-ல் பிரான்ஸையே அடித்தது. அதைப் பார்க்க காப்டன் இல்லை, 1865-லேயே போய்ச் சேர்ந்துட்டார். ஒப்பந்தம் போட்ட நாடுகள் சண்டை போடாதுன்னு இப்பவும் யாராவது எழுதினா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு பார்வை. அதே 1860-ல் கல்கத்தாவில் நிதி உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் வில்சன், 'எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்த சுதந்திர வர்த்தக ஆள். 1857 கலகத்தால் கஜானா காலி, இறக்குமதிக்கு 10% வரி போட்டார். மான்செஸ்டர் கூச்சல் போட்டது. 1862-ல் துணிக்கு 5% ஆகிவிட்டது. பதிலுக்கு இந்தியாவுக்கு என்ன கிடைத்தது? கேட்க ஆளே இல்லை. பிரான்ஸ் ஒயினைக் காட்டிப் பேரம் பேசியது. மேஜையில் இடம் இல்லாதவன் எதைக் காட்டுவான்?

இப்ப மச்சான் கேள்விக்கு வர்றேன். 1860-ல் அடி விழுந்தது கவென்ட்ரி என்ற ஊருக்கு. பட்டு ரிப்பன் நெசவு அங்கே பிரதானத் தொழில், நிறைய வீட்டில் மாடியிலேயே தறி. பிரான்ஸிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ரிப்பன் வரியில்லாமல் வந்து இறங்கியது. அதே நேரத்தில் கூலித் தகராறில் ஸ்ட்ரைக் வேறு, ஃபேஷனும் மாறியது. தொழில் சரிந்தது. நிவாரண நிதி திரட்டிக் கஞ்சி ஊற்ற வேண்டிய நிலை. ஆயிரக்கணக்கில் ஊரை விட்டும் நாட்டை விட்டும் போனார்கள். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்றவர் அதே தறியில் படம் போட்ட பட்டுப் புத்தகக் குறி நெய்து பிழைத்துக்கொண்டார். எல்லாரும் ஸ்டீவன்ஸ் ஆக முடியுமா?

1863-ல் அங்கே ஒரு தையல் மெஷின் கம்பெனி வந்தது. 1860களின் கடைசியில் அதன் பாரிஸ் ஏஜென்ட், அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, பிரான்ஸுக்கு இதுபோல 400 செய்து கொடுங்கன்னு ஆர்டர் வாங்கித் தந்தார். 1870 போர் வந்து பிரான்ஸ் சந்தை மூடிப்போக, வண்டிகளை இங்கிலாந்திலேயே விற்றார்கள். கவென்ட்ரி சைக்கிள் ஊர் ஆனது அப்படித்தான்.

போன ஞாயித்துக்கிழமை மச்சானுக்கு இதைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அந்த ரிப்பன் நெசவுக்காரங்கெல்லாம் சைக்கிள் கம்பெனிக்குப் போயிட்டாங்களாட்டம் இருக்குதுங்க?"ன்னார்.

சில பேர் போயிருப்பாங்க. நடுவுல எட்டு ஒன்பது வருஷம் ஓடியிருச்சுங்க மச்சான்னு மட்டும் சொன்னேன்.