ஹீட்டர் பிளக்கும் மலைக்குளிரும்: பழுதுபார்ப்பின் வரலாறு குறித்துச் சில சொற்கள்

தேவிகுளம் வட்டத்திலுள்ள பள்ளிவாசல், தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெறுவது அதன் நீர்மின் நிலையத்தால். முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு 1940 மார்ச்சில் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய இந்நிலையம், பின்னர் 37.5 மெகாவாட் திறனை எட்டியது. அதன் சுழலிகளுக்கும் குழாய்களுக்கும் ஆவணங்கள் உண்டு. அதே மலைச்சாலையில் டீசல் ஊர்திகளை ஓட வைத்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஹீட்டர் பிளக் அதற்கு நல்ல சான்று.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. 1909இல் பென்ஸ் நிறுவனத்தின் புரோஸ்பர் லோரான்ஜ் காப்புரிமை கோரிய முன்னறை அமைப்பு, சிறிய டீசல் எஞ்சினுக்கு வழி திறந்தது. ஆனால் முன்னறையின் சுவர்கள் குளிர்ந்த நிலையில் அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஆகவே தொடக்கத்தில் மட்டும் மின்சாரத்தால் செந்தழலாகும் ஒரு முனை தேவைப்பட்டது. 1936இல் வெளிவந்த மெர்சிடிஸ் 260 டி காரோட்டியும் இம்முனை சூடேறக் காத்திருந்தே வண்டியைக் கிளப்பினார்.

இந்தியாவில் மகிந்திரா 1979இல் பெஜோவின் எக்ஸ்டிபி 4.90 எஞ்சினைத் தயாரிக்க உரிமம் பெற்றது. ஜீப்புகளில் டீசல் பரவியபோது, குளிர்காலத்தில் பூஜ்ஜியம் பாகையை நெருங்கும் மூணாறு மலைப்பகுதி போன்ற இடங்களில் ஹீட்டர் பிளக்கின் நலம் அன்றாடக் கவலையாயிற்று.

அதைப் பேணும் முறை எளியது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளக்குகளை இணைக்கும் தகட்டை அகற்றி, ஒவ்வொன்றையும் 12 வோல்ட் பல்பு வழியே பேட்டரியுடன் சோதிப்பர். பல்பு எரிந்தால் உள்ளிருக்கும் கம்பி அறுபடவில்லை. எரியாவிடில் பிளக் செத்துவிட்டது. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போதே கழற்றுவது வழக்கம். இறுகியதை வலிந்து திருகினால் அது முறிந்து, சிலிண்டர் தலையையே இறக்க நேரும். கழற்றிய முனை உருகியோ வீங்கியோ இருந்தால், குறை இன்ஜெக்டரில் இருக்கக்கூடும் எனத் தேர்ந்தவர் ஐயுறுவர். புதியதை மாட்டுமுன் துளையிலுள்ள கரியை நீக்குவர். ஒரு சிறு உறுப்பைப் பார்த்தே எஞ்சினின் உள்நிலையைக் கணிக்கும் இத்திறன், கை வழிக் கையாகக் கற்கப்பட்டது.

பழைய மெர்சிடிஸ் வண்டிகளில் பிளக்குகள் தொடரிணைப்பில் இருந்தமையால் ஒன்று செத்தால் அனைத்தும் அணைந்தன. பின்னர் வந்த பக்க இணைப்பு ஒன்றின் குறையை மற்றவற்றிலிருந்து பிரித்தது. வீட்டு வாசலிலேயே ஒன்றை மட்டும் மாற்ற இயன்றது. அண்மைக்கால எஞ்சின்களில் பிளக்கை மின்னணுக் கட்டுப்பாட்டகம் ஆள்கிறது. அவற்றுட் பல 12 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் இயங்குவன. 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துச் சோதித்தால் கருகிவிடக்கூடும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின் காலத்தில், பல குறைகளைக் கண்டறியக் கணினிக் கருவி வேண்டும்.

புதுமைகளை மட்டும் எழுதும் தொழில்நுட்ப வரலாறு, பயன்பாட்டையும் பேணலையும் மறக்கிறது என்பது டேவிட் எட்ஜர்டன் முன்வைத்த வாதம். மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றைக் கூலிப் பதிவேடுகளிலிருந்து எழுதும் ஆய்வாளர்கள், ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் வாய்மொழிச் சான்று திரட்ட வேண்டிய காலம் இதுவே. பழைய எஞ்சின்கள் கழிவாகும்போது, அவற்றைப் புரிந்துகொண்ட கைகளின் அறிவும் உடன் மறைந்துவிடும்.