பட்டியடியில் கற்ற செவி: கிழக்கிலங்கைப் புனைகதையில் ஈடுபாடும் அனுபவமும்

மட்டக்களப்பின் சித்தாண்டிக்கு மேற்கே வயல்வெளியைத் தாண்டினால் மாட்டுப்பட்டிகள். விடியுமுன் பால் கறப்பவர் முதலில் கன்றை அவிழ்த்துவிடுவார். அது நாலு இழுப்பு இழுத்ததும் பிடித்துத் தாயின் முன்னங்காலோடு கட்டுவார். தாய் கன்றை நக்கத் தொடங்கியதும் காம்பைப் பிடிப்பார். பால் இறங்கிவிட்டதை அவருக்குச் சொல்வது பாத்திரத்தில் விழும் பீச்சலின் ஓசை. மெல்லியதாகக் கேட்பது சட்டெனத் தடிக்கும். சிறுவயதில் பல நாள் அருகில் குந்தியிருந்தும் அந்த மாற்றம் என் காதில் விழவில்லை. அவர் மாட்டை நேசித்தவர். நான் பாலுக்குக் காத்திருந்தவன். இருவர் முன்னும் நடந்தது ஒன்றுதான்.

புனைகதைக்கு அனுபவமே ஊற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1960களின் தேசிய இலக்கிய, மண்வாசனை விவாதங்கள் ஈழத்து எழுத்துக்குப் பெரும் நன்மை செய்தன. ஆனால், ஒரு மண்ணில் பிறந்தவனுக்கு அந்த மண் தானாகவே வசப்படும் என்ற எண்ணத்தையும் அவை விட்டுச்சென்றன. அனுபவம் எல்லோருக்கும் வாய்க்கிறது. அதில் எது கதையாகும் என்பதைத் தெரிந்தெடுப்பது ஈடுபாடே என்பது என் துணிபு.

மூதூரின் வ. அ. இராசரத்தினம் தொழிலால் ஆசிரியர். ஆயினும் அவருடைய ‘தோணி’ சிறுகதை சொந்தத் தோணிக்கு ஏங்கும் கடற்கரை வாழ்வை உள்ளிருந்து காண்கிறது. வலை இழுத்த கை அதற்கு வேண்டியிருக்கவில்லை. கரையை விட்டு அகலாத கண் வேண்டியிருந்தது. சித்தாண்டிக்கு வடக்கே ஓட்டமாவடியைச் சேர்ந்த எஸ். எல். எம். ஹனீபாவோ கால்நடைத் துறையிலேயே பணியாற்றியவர். 1992இல் ‘மக்கத்துச் சால்வை’ தொகுதியைத் தந்த அவரிடம் தொழிலும் பற்றும் ஒன்றாயின. அப்படி அமைவது பேறுதான். ஆனால், அதை விதியாக்க இராசரத்தினம் இடந்தரமாட்டார்.

பற்றின் தடயத்தை நான் முதலில் தேடுவது வினைச்சொற்களில். ‘மாடுகள் நின்றன’ என்று யாரும் எழுதலாம். நாகு ஒதுங்கி நின்றதா, நாம்பன் மண்ணைக் கிளறி நின்றதா என்று பிரித்தெழுதப் பட்டியடி வேண்டும். மட்டக்களப்பில் களவெட்டி எனப்படும் சூடடிக்கும் களத்தில் நெல்லைப் பொலி என்பார்கள். களத்துக்கெனத் தனிச்சொற்கள் உண்டு. அவற்றை அகராதியிலிருந்து எடுத்து அடுக்கினால் கதை காட்சிச்சாலையாகிவிடும். அக்கரைப்பற்றை விட்டு இலண்டன் சென்ற விமல் குழந்தைவேலின் ‘வெள்ளாவி’ நாவலில் ஊர்ப்பேச்சு அலங்காரமாக ஒட்டாமல் ஆட்களின் மூச்சோடு வருகிறது. ஊரை விட்டுப் போனவரிடமும் ஊரின் செவி தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

பற்று எழுத்தைக் கெடுப்பதும் உண்டு. தான் அறிந்த அத்தனையையும் கொட்டிவிடத் துடிக்கும் எழுத்தாளனிடம் பாத்திரம் விரிவுரையாளராகிவிடுகிறது. தி. ஜானகிராமன் இசை கற்றவர். ‘மோகமுள்’ நாவலில் அந்த அறிவு நாயகன் பாபுவின் ஆசையையும் குற்றவுணர்வையும் அளக்கும் சுருதியாகவே நிற்கிறது. இசை தெரியாத வாசகரும் அங்கே தடுக்குவதில்லை.

கடினமான மறுப்பு இனித்தான். யாரும் நேசித்துப் பெறாத அனுபவங்களை என்செய்வது? 1990 செப்டெம்பர் 5இல், சித்தாண்டிக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். இதை எழுத ஈடுபாடு வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. சாட்சியம் சாட்சியமாகவே நிற்கட்டும். அதற்கு எவருடைய கலையும் தேவையில்லை. ஆனால், அந்த நாட்களைக் கதையாக்க வருபவர், போனவர் எதை நேசித்தார் என்பதிலிருந்து தொடங்கலாம். கறப்பவர் வராத விடியல். மடி கனத்து மாடு கத்துகிறது. கன்றை அவிழ்த்துவிட அக்கம்பக்கத்தில் யாருமில்லை.